பன்னாட்டுப் பேரியல் பொருளாதாரம் படிக்கப் போகிறீர்களா? மதுரைப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் மாணவர்களுக்கு இந்தத் தாளைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்துகிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சிவகங்கைப் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் இரண்டு மாதம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. வகுப்பில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன பாடம்? பன்னாட்டு வர்த்தகம் என்று இன்னொரு தாள் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை ஏன் சிங்கப்பூருக்குப் போகிறது, அங்கிருந்து ஏன் மின்னணுச் சாமான் இங்கே வருகிறது என்று கேட்பது வர்த்தகக் கோட்பாடு. போன மல்லிகைக்கு வந்த டாலர் எங்கே தங்கியது, ரூபாய் மதிப்பு அதனால் என்ன ஆனது, வட்டி விகிதம் அதில் எப்படி நுழைகிறது என்று கேட்பது நம் பாடம். மாற்று விகிதம், செலுத்துநிலை (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் நடுவே நடக்கும் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் பதியும் கணக்கு), வெளிநாட்டுக் கடன், நாணய நெருக்கடி எல்லாம் இதில் வரும். மாணவர்கள் வாயில் இதற்குப் பெயர் ‘இன்டர்நேஷனல் மேக்ரோ’. நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

நான் பி.ஏ. வரை தமிழ் வழியில் படித்தவன். என்னால் முடியுமா?

முடியும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். முதல் உள்தேர்வில் பாதித் தாள் வெறுமையாக இருந்தது. கூப்பிட்டுப் பேசினேன். அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பிலிருந்து அந்தக் கடைப் பேரேட்டை எழுதுவது அவள்தான். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. அதை ஒருநாள் கொண்டுவந்தாள். “அண்ணன் துபாயிலிருந்து முப்பதாயிரம் அனுப்பினால் வரவில் எழுதுகிறோம். நாட்டுக்கணக்கில் அதற்கு எதிர்ப்பக்கம் எங்கே, மேடம்?” என்று கேட்டாள்.

இந்தப் பாடத்தின் அடிப்படைக் கேள்வியே அதுதான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதத் தயங்கிய பெண், நல்ல ஆங்கிலம் பேசிய பலருக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை.

ஆங்கிலக் கலைச்சொல் தெரியத்தான் வேண்டும். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அது என்ன என்று உங்கள் தமிழில் ஒரு வாக்கியம். அகராதியிலிருந்து ஒற்றைச் சொல்லை எடுத்து எழுதி வைத்தால் உதவாது. உங்கள் தம்பிக்குச் சொன்னால் அவனுக்குப் புரிய வேண்டும், அந்த அளவுக்கு எழுதுங்கள். தேர்வைத் தமிழில் எழுதலாமா என்பதை உங்கள் துறையில் முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

மடக்கை, வகைநுண்கணிதத்தின் தொடக்கப் பகுதி, லக்ராஞ்சு முறையில் ஒரு பெருமம் காண்பது, முதல்படி வேறுபாட்டுச் சமன்பாடு. எம்.ஏ. அளவுக்கு இது போதும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: சிறிய மாற்றங்களுக்கு மடக்கை வேறுபாடும் சதவீத மாற்றமும் ஏறக்குறைய ஒன்று என்பது. இதைப் பத்துத் தடவை எண்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பாதிச் சமன்பாடுகள் தானாகத் திறந்துகொள்ளும்.

செலுத்துநிலைக் கணக்கு மட்டும் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லையே?

வரையறையை மனப்பாடம் செய்வதால்தான் ஏறுவதில்லை. நடப்பை எடுத்து எழுதிப் பாருங்கள்.

மதுரைப் பூ வியாபாரி ஒருவர் சிங்கப்பூருக்கு ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள மல்லிகை அனுப்புகிறார். நடப்புக் கணக்கில், அதாவது சரக்கு, சேவை, வருமானம் பதியும் பகுதியில், சரக்கு ஏற்றுமதி என்று ஒரு லட்சம் வரவு. அந்தப் பணம் எங்கே? அவருடைய வங்கி வெளிநாட்டில் வைத்திருக்கும் கணக்கில் டாலராக ஏறியிருக்கிறது. வெளிநாட்டில் நமக்கு ஒரு சொத்து கூடியிருக்கிறது. அது நிதிக் கணக்கில், அதாவது வெளிநாட்டோடு உள்ள சொத்தும் கடனும் பதியும் பகுதியில், பற்று. சொத்து கூடினால் ஏன் பற்று என்று எல்லாரும் கேட்பார்கள். வெளிநாட்டுச் சொத்தை வாங்குவதும் ஒருவகை இறக்குமதிதான். பொருளுக்குப் பதில் ஒரு பத்திரத்தை இறக்குமதி செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி அட்டவணையில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கூடியதைக் கழித்தல் குறியோடு போடுவதும் இதனால்தான்.

இப்போது துபாய் அண்ணன். அவர் அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கி வேலை செய்தால், கணக்குப்படி அவர் இந்தியாவில் குடியிருப்பவர் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் முப்பதாயிரம் கைமாறு இல்லாத மாற்றுப் பணம் (ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபர்’). நடப்புக் கணக்கில் இரண்டாம் நிலை வருமானம் என்ற பகுதியில் வரும். அவரே மூன்று மாத ஒப்பந்தத்தில் போய்த் திரும்புகிறவர் என்றால் இந்தியக் குடியிருப்பாளராகவே இருக்கிறார். அங்கே வாங்கிய சம்பளம் முதல்நிலை வருமானத்தில் ஊழியர் ஊதியமாக வரும். ஆளும் வேலையும் அதேதான். தங்கும் காலம் மாறினால் பதிகிற இடம் மாறிவிடுகிறது.

அவர் வீட்டுக்கு அனுப்பாமல் இங்குள்ள வங்கியில் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) வைப்புத்தொகையாகப் போட்டால்? அது நிதிக் கணக்கு. வெளியே இருக்கும் ஒருவருக்கு நம் வங்கி கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அம்மா அந்தக் கணக்கிலிருந்து உள்ளூரில் பணம் எடுத்துச் செலவு செய்தால், அந்தத் தொகை நடப்புக் கணக்கில் தனியார் மாற்றுப் பணமாகப் பதிவாகும். கடன் அங்கே குறைந்து, இங்கே வரவாகிறது. இந்த ஒரு பதிவை நீங்களே வரவு–பற்று போட்டு எழுதிவிட்டால் பாடத்தின் கால்வாசி முடிந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

இன்னொன்று. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் மீனாட்சியம்மனைக் கும்பிட வருகிறது. மாசி வீதிப் பக்கம் அறை எடுக்கிறார்கள், சுங்குடிச் சேலை இரண்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் இதை இறக்குமதி என்பார்கள், ஆள் உள்ளே வருவதால். இது நமக்குச் சேவை ஏற்றுமதி. தங்கிய அறை, சாப்பாடு, தங்கள் உபயோகத்துக்கு வாங்கிய சேலை எல்லாமே ‘பயணம்’ என்ற தலைப்பில் சேரும். ஆள் போகும் திசையைப் பார்க்காதீர்கள். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

நடப்புக் கணக்கில் பற்றாக்குறை என்றால் நாடு கெட்டுப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. நடப்புக் கணக்கு என்பது நாட்டின் சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவது. பற்றாக்குறை என்றால் நாம் சேமிப்பதைவிட அதிகமாக முதலீடு செய்கிறோம், மீதியை வெளியாரிடம் வாங்குகிறோம். ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு போடக் கடன் வாங்குவதும், காதுகுத்துக்குப் பந்தல் போடக் கடன் வாங்குவதும் கடன்தான். எதற்கு வாங்கினார்கள், எந்த நாணயத்தில் வாங்கினார்கள், எப்போது திருப்ப வேண்டும் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆனாலும் அளவு முக்கியம். 2012-13-ல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். எண்ணெயும் தங்கமும் அதில் பெரும்பங்கு. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று சொன்னதுமே முதலீட்டாளர்கள் பணத்தை வெளியே எடுத்தார்கள். டாலருக்கு 55 ரூபாய்ப் பக்கம் இருந்தது ஆகஸ்டு 28-ல் 68-ஐத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் தங்க இறக்குமதி வரியை 10 சதவீதம் ஆக்கினார்கள். தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் ஒட்டிய விலைப் பலகைக்கும் வாஷிங்டனில் பேசிய பேச்சுக்கும் நடுவே இருக்கும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சொல்லத் தெரிந்தால், அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

மாற்று விகிதம் ஏறினால் ரூபாய் ஏறுகிறதா, விழுகிறதா?

ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று எழுதினால், எண் ஏறும்போது ரூபாய் விழுகிறது. ஒரு ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று எழுதினால் தலைகீழ். புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். விடைத்தாளின் முதல் வரியில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதிவிடுங்கள். இதை எழுதாததால் நல்ல மாணவர்களே மதிப்பெண் இழக்கிறார்கள்.

கையிருப்பு, பற்றாக்குறை, வெளிக்கடன் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது.

வைகை அணைச் செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவுக்கு 71 அடி. இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வினாடிக்கு நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று பத்திரிகையில் தனித்தனியாகப் போடுவார்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பும் நிகர வெளிநாட்டுச் சொத்தும் நீர்மட்டம். ஒரு தேதியில் அளப்பது. நடப்புக் கணக்கு வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு காலத்துக்கு அளப்பது.

ஆனால் ஓரிடத்தில் அணையோடு ஒத்துப்போகாது. கையில் இருக்கும் வெளிநாட்டுச் சொத்தின் விலையே மாறும். ஒரு சொட்டு வராமலும் போகாமலும் மட்டம் ஏறி இறங்கும். அதற்கு நம் பக்கத்திலேயே கனமான உதாரணம் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்தது. வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. கடனுக்கு ஈடாக இருந்த நிலம் இவர்கள் கைக்கு வந்தது. ரொக்கம் திரும்ப வரவேண்டிய இடத்தில், விற்க முடியாத வயல் நின்றது. இதில் மாற்று விகித ஆபத்தே கிடையாது. அப்போது அங்கேயும் ரூபாய்தான். 1937-ல் பர்மா தனியே பிரிந்த பிறகும் சில காலம் ரிசர்வ் வங்கியே அங்கும் மத்திய வங்கியாக இருந்தது. நாணயம் ஒன்றாக இருந்துமே சொத்து இப்படி உருமாறிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

‘மூன்றும் சேர்ந்து முடியாது’ என்கிறார்களே, அது என்ன?

நிலையான மாற்று விகிதம், மூலதனம் தடையின்றிப் போய்வருவது, சொந்தமாக வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது. இந்த மூன்றில் எந்த நாடும் ஒரே நேரத்தில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 1960-களின் தொடக்கத்தில் மண்டல், ஃபிளெமிங் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே செய்த வேலையிலிருந்து வந்த கருத்து. மண்டலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் திர்ஹம் இன்று எவ்வளவு என்று கேட்காத நாள் இருக்காது. திர்ஹம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. டாலர் 83 ரூபாய் என்றால் திர்ஹம் 22 ரூபாய் 60 காசு, வகுத்துப் பாருங்கள். அமீரகத்தில் மூலதனம் தாராளமாகப் போய்வரும். அப்படியானால் மூன்றாவதை விட்டாக வேண்டும். அமெரிக்கா வட்டியை ஏற்றினால் அமீரகமும் பின்னாலேயே ஏற்றுகிறது. ஹாங்காங் 1983-லிருந்து நடத்துவதும் இதே ஏற்பாடுதான். இந்தியா மூன்றையும் அரைகுறையாக வைத்துக்கொண்டிருக்கிறது: ரூபாய் ஏறி இறங்கும், ஆனால் ரிசர்வ் வங்கி அவ்வப்போது தலையிடும், மூலதனத்துக்குக் கதவு பாதி திறந்திருக்கும். இந்த நடுவழி நமக்குப் பொருந்துகிறது என்பதே என் கருத்து. வகுப்பில் மறுத்துப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எண்களைக் கேட்பேன்.

டோர்ன்புஷ் மாதிரி மட்டும் புரியவே இல்லை. மாற்று விகிதம் ஏன் எல்லையைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பி வர வேண்டும்?

பொருளியலாளர் டோர்ன்புஷ் இந்த மாதிரியை 1976-ல் எழுதினார். எண்ணைப் போட்டால் புரிந்துவிடும்.

இன்று டாலருக்கு 100 ரூபாய், உள்ளூரிலும் வெளியிலும் வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய வங்கி பண அளிப்பை நிரந்தரமாக 10 சதவீதம் கூட்டுகிறது. காலப்போக்கில் விலைவாசி 10 சதவீதம் ஏறும், டாலர் 110 ஆகும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கடையில் விலை இன்றைக்கே ஏறாது. பணம் கூடியிருக்கிறது, விலை அப்படியே இருக்கிறது. அதனால் உள்ளூர் வட்டி 4 சதவீதத்துக்கு இறங்குகிறது.

இப்போது யோசியுங்கள். வெளியே 6 கிடைக்கும்போது 4-க்கு ரூபாயில் யார் வைத்திருப்பார்கள்? வரும் ஆண்டில் ரூபாய் 2 சதவீதம் வலுப்பெறும் என்று நம்பினால்தான் வைத்திருப்பார்கள். ஓராண்டில் 110-க்கு வந்துவிடும் என்று எளிமைக்காகக் கொண்டால், இன்று ரூபாய் அதற்கும் கீழே, டாலருக்கு ஏறக்குறைய 112-க்கு விழுந்திருக்க வேண்டும். அங்கிருந்து 110-க்குத் திரும்பும்போதுதான் அந்த 2 சதவீதம் கிடைக்கும். விலை நகரத் தாமதமாவதால் மாற்று விகிதம் அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. படத்தைப் பிறகு போடலாம். முதலில் இந்த எண்களை வேறு வட்டி வைத்து மூன்று முறை மாற்றிப் போடுங்கள்.

ஆய்வேட்டுக்கு 2022 இலங்கை நெருக்கடியை எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல்திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களை நாம் செய்தியில் பார்த்தோம். அவர்கள் பட்டினிக்குப் பின்னால் இருந்தது நீங்கள் வகுப்பில் படிக்கும் இதே கணக்குதான். அதனால் இந்தத் தலைப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

ஆனால் ‘இலங்கைப் பொருளாதார நெருக்கடி – ஓர் ஆய்வு’ என்ற தலைப்போடு வராதீர்கள். ஒரே ஒரு கண்ணியைப் பிடியுங்கள். உதாரணமாக, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே மாற்று விகிதத்தை டாலருக்கு 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்தார்கள். வெளிச்சந்தையில் அதைவிட நல்ல விலை கிடைத்தது. வங்கி வழியை விட்டு, அங்கே தமிழில் ‘உண்டியல்’ என்று சொல்லப்படும் முறைசாரா வழியில் மக்கள் அனுப்பத் தொடங்கினார்கள். வங்கி வழியாக 2020-ல் சுமார் 7.1 பில்லியன் டாலர் வந்தது, 2021-ல் 5.5 பில்லியனாகக் குறைந்தது. விகிதத்தைக் காப்பாற்றப் போட்ட அணையே டாலர் வரும் வழியை அடைத்துவிட்டது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். சில வாரங்களில் 300-ஐத் தாண்டிப் போனது. ஏப்ரல் 12-ல் வெளிக்கடனைத் திருப்புவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 சதவீதம். 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டாலர் திட்டம் ஒப்புதலானது.

2019 இறுதியில் செய்த வரிக்குறைப்பு, கொரோனாவில் சுற்றுலா நின்றது, 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை – காரணங்கள் பல. எல்லாவற்றையும் அறுபது பக்கத்தில் அடைக்க முடியாது. ஒன்றை எடுத்து, மாதவாரித் தரவோடு ஒழுங்காகச் செய்யுங்கள்.

1991 பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியை நேர்முகத் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை; மே மாதம் 20 டன் தங்கம் திரும்ப வாங்கும் ஏற்பாட்டோடு விற்கப்பட்டது; ஜூலையில் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் 47 டன் அடகு; ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு கட்டமாக ரூபாய் மதிப்புக் குறைப்பு. ஜூலையில் நிதியமைச்சர் மன்மோகன் சிங், ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக நம் சி. ரங்கராஜன். நடந்தது இவ்வளவு. ஏன் இரண்டு கட்டம் என்று யோசித்துக்கொண்டு போங்கள். அடுத்த கேள்வி அதுதான்.

எந்தப் புத்தகம் வாங்க?

க்ருக்மன், ஆப்ஸ்ட்ஃபெல்ட், மெலிட்ஸ் எழுதியதன் பின்பாதி நம் பாடம். கணக்கு கைவந்த பிறகு ஷ்மிட்–குரோஹே, உரிபே, வுட்ஃபோர்ட். ஆப்ஸ்ட்ஃபெல்ட்–ரோகாஃபின் 1996 நூலை முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் திறந்தால் போதும். நூலகப் பிரதியில் இரண்டு அத்தியாயம் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பதிப்பு போதும், கோட்பாடு மாறவில்லை. தரவை ரிசர்வ் வங்கித் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். கையிருப்பு வெள்ளிக்கிழமைதோறும் வரும், செலுத்துநிலை காலாண்டுக்கு ஒருமுறை.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். அப்பா அம்மா மேல் கோபப்படாதீர்கள். யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது. பொருளியலில் முதுகலை வேண்டும், வயது 21 முதல் 30, பிரிவைப் பொறுத்துத் தளர்வு உண்டு. ரிசர்வ் வங்கியின் ‘கிரேடு பி’ அதிகாரி நிலையில் பொருளாதார ஆய்வுத் துறைக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள். கல்லூரியில் கற்பிக்க நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. வங்கிகளின் அந்நியச் செலாவணிப் பிரிவு, ஏற்றுமதி நிறுவனங்கள், தர மதிப்பீட்டு நிறுவனங்கள் என்று தனியார் பக்கமும் வழி உண்டு. அங்கே எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், கூட ஸ்டேட்டாவோ ஆர் மென்பொருளோ. முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடும் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டு ஆகலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

ஒரு பேரேட்டு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் வெளிநாட்டோடு பணத் தொடர்பு உள்ள பத்து விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்: சிங்கப்பூர் அத்தை அனுப்பும் பணம், செல்போனில் கட்டும் வெளிநாட்டுச் சந்தா, மெல்போர்னில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் கட்டணம், மேலூரிலிருந்து ஏற்றுமதியாகும் கிரானைட். ஒவ்வொன்றுக்கும் வரவு எங்கே, பற்று எங்கே என்று எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் ஒன்றிரண்டு நிற்கும். அவற்றை அழித்துவிடாமல் பென்சிலில் வட்டம் போட்டு எடுத்து வாருங்கள். முதல் வகுப்பை அதிலிருந்துதான் தொடங்குவேன்.